பட்ட கஷ்டத்தை அடுத்தவருக்கு உதவும்படி எழுதுவது எப்படி? குமரி மாவட்டத்து ஆட்கள் சொல்லுங்கள்

கடற்கரைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர் எனக்கு. 2017 ஒக்கிப் புயலில் போன என் அண்ணன் திரும்பி வரவில்லை. எங்கள் வாசகசாலைப் பிள்ளைகள் இப்போது ஒரு சின்னப் புத்தகம் போடப்போகிறார்கள். நீரோடி முதல் இரயுமன்துறை வரை எட்டு ஊரிலும் ஆளை இழந்த வீட்டார் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிற மாதிரி ஒரு புத்தகம். என்னையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

எழுத எனக்குத் தயக்கம் இல்லை. எதை எழுதுவது என்பதில்தான் குழப்பம். இதுவரை எங்களைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "செய்தி கேட்டதும் எப்படி இருந்தது?" அதற்குப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அந்த நாட்களில் எங்களுக்குத் தேவைப்பட்ட விஷயங்களை யாருமே கேட்கவில்லை.

அண்ணன் ஏறிய படகு கொச்சியிலிருந்து புறப்பட்டது. உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவைத்த தாள் எங்கேயும் இல்லை. படகுக்காரர் வீட்டில் ஒரு எண்ணிக்கை, கோயில் பட்டியலில் வேறொரு எண்ணிக்கை. தமிழ்நாட்டுக் கணக்கா, கேரளக் கணக்கா என்று அதில் ஓர் இழுபறி. மகாராஷ்டிராவில் தேவ்கட்டில் படகு கரைசேர்ந்திருக்கிறது, குஜராத்தில் வெராவலில் சேர்ந்திருக்கிறது, லட்சத்தீவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு போனுக்கும் ஓடினோம். பெயர் சரியாக இருக்கும், ஆள் வேறாக இருப்பார். எங்கள் ஊர்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று, ஆதாரில் இன்னொன்று. பட்டியல் எடுப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

அப்புறம் கோழிக்கோடு பக்கம் கடலில் எடுத்த உடல்களுக்கு டிஎன்ஏ பார்த்தார்கள். ரத்தம் கொடுக்க மதினி முதல் ஆளாகப் போய் நின்றாள். மனைவி ரத்தம் இதற்கு உதவாது. அம்மா, அப்பா, பிள்ளைகள், இல்லாவிட்டால் உடன்பிறந்தவர்கள் வரவேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இதை ஒருவர் சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம். அவள் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது முகம் எப்படி இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. ரத்த விஷயத்தைக் கட்டாயம் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் பிள்ளைகள், "அக்கா, இது மனு மாதிரி இருக்கு, படிக்கிறவங்க மனசைத் தொடணும்" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

வடசேரி வாத்தியார்

மகளே, முதலில் உன் அண்ணனுக்கு என் அஞ்சலி.

இதில் இரண்டு எழுத்து இருக்கிறது. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதப் பார்த்தால் இரண்டும் கெடும். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கல்லூரி மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்குக் கால் மணி நேரம், வாழ்க்கையில் நடந்த பெரிய துயரத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் முன்னைவிடக் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் அதனால் மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. பிறகு உலகம் முழுக்க இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பலன் உண்டு, பெரிய பலன் என்று சொல்ல முடியாது, எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதும் இல்லை.

அந்த எழுத்து யார் கண்ணிலும் படவேண்டியதில்லை. எழுத்துப்பிழை பார்க்கவேண்டாம், யாரைத் திட்டினாலும் பரவாயில்லை, முடிந்ததும் கிழித்துப் போட்டாலும் சரி. அதை முதலில் எழுது. மதினியின் முகம் அங்கே வரட்டும். அதன் பிறகு பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டியதை இன்னொரு நோட்டில் தொடங்கு. முதல் நோட்டில் அழுது தீர்த்த பிறகு இரண்டாவதில் ரத்தப் பரிசோதனையைப் பற்றி எழுதக் கை நடுங்காது.

---

மலையோரம்

குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுத் தொழில் எனக்கு. குடியை விட்டுவிட்டு நிற்கிறவன். பெயர் சொல்லாமல் பேசுவது எங்கள் கூட்டத்து வழக்கம், அதனால் இங்கேயும் அப்படியே.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1935-ல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது. ஒருவர் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்தவர், மற்றவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர். இன்றுவரை அங்கே பிரதான வேலையே கதை சொல்வதுதான். குடித்த காலத்தில் எப்படி இருந்தேன், எங்கே திரும்பினேன், இப்போது எப்படி இருக்கிறேன். அவ்வளவுதான். "நீ இப்படிச் செய்" என்று கேட்கிறவனைப் பார்த்து யாரும் உபதேசம் பண்ணமாட்டார்கள்.

அக்கா கேட்டதற்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது. சினிமாக்காரர்களும் மேடைப் பேச்சாளர்களும் ரொம்பப் பிடித்துச் சொல்கிற கதை ஒன்று உண்டு. "மகள் அழுதாள், அன்றைக்கு ராத்திரியே பாட்டிலை உடைத்தேன், அதற்குப் பிறகு தொட்டதே இல்லை." கேட்கிறவருக்குக் கண் கலங்கும். ஆனால் இந்தக் கதை ஆளைக் கொன்றுவிடக்கூடும். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும், ஆள் யாரென்று தெரியாமல் பேசுவான். மருத்துவம் பார்க்காமல் விட்டால் உயிரே போகலாம். வீட்டில் இருப்பவர்களோ பேய் பிடித்துவிட்டது என்று மந்திரம் ஓதக் கூட்டிப்போவார்கள். எங்கள் மலையோரத்தில் அப்படிப் போன வீடுகள் எனக்குத் தெரியும்.

நான் முதன்முதலாகக் கூட்டத்துக்குப் போன அன்று ஒரு பெரியவர் பேசினார். அவர் தன் குடும்பம் சிதைந்ததை இரண்டு வரியில் முடித்துவிட்டார். பிறகு எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், அங்கே என்ன மாத்திரை கொடுத்தார்கள், எத்தனை நாள் படுத்திருந்தார், வெளியே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுக்கு எப்படிப் போகாமல் இருந்தார் என்று நிதானமாகச் சொன்னார். மறுநாள் காலை என் பொண்டாட்டி என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த மனிதர் சொன்னது யார் மனதையும் உருக்கும்படி இருக்கவில்லை. எனக்கு வழி தெரிந்தது, அது போதும்.

அதனால் அக்கா, பிள்ளைகள் சொல்வதைக் கேட்காதீர்கள். ரத்தம் யார் கொடுக்கவேண்டும் என்பதை எழுதுங்கள்.

---

குளச்சல் மகன்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் வருத்தப்படவேண்டாம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் என்ன ஆனது என்று இங்கே யாருக்கும் விளக்கவேண்டாம். அலைக்குத் தப்பி ஓடியவர்கள் கடற்கரையை ஒட்டி ஓடும் ஏவிஎம் கால்வாயில் விழுந்து போனார்கள். என் தங்கையும் அதில்தான். அடுத்த வாரம் முழுக்க முகாமுக்குக் கேமராக்கள் வந்தன. ஒருவர் என் அம்மாவைத் திரும்பத் திரும்ப அதையே சொல்ல வைத்தார். வெளிச்சம் சரியில்லை என்று இடம் மாற்றி உட்கார வைத்து, மறுபடியும் முதலிலிருந்து. அம்மா இன்றுவரை போட்டோ எடுக்க யார் வந்தாலும் உள்ளே போய்விடுவாள்.

கஷ்டத்தைக் கதையாக்கு, நாலு பேருக்கு உதவும் என்று சொல்வது நல்ல எண்ணம்தான். ஆனால் அது கொஞ்ச நாளில் கடமையாகிவிடுகிறது. பேசுகிறவள் தைரியசாலி, பேசாதவள் இன்னும் மீளாதவள் என்று ஊர் முத்திரை குத்துகிறது. என் அம்மா பேசாமலே எங்களை வளர்த்தாள், மீன் விற்றாள், வீடு கட்டினாள். அவள் மீளவில்லை என்று யார் சொல்வது?

புத்தகம் போடும் பிள்ளைகள் எட்டு ஊருக்கும் போவார்கள் இல்லையா? வேண்டாம் என்று சொல்கிற வீட்டில் இரண்டாவது தடவை கேட்கவேண்டாம் என்று தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாரை விட்டுத் தூது அனுப்பவும் வேண்டாம்.

---

வார்டு அக்கா

குளச்சல் தம்பி சொன்னது முழுக்க சரி. நான் செவிலியர். வலி நிவாரணப் பராமரிப்பில் வேலை, நாகர்கோவிலைச் சுற்றி வீடு வீடாகப் போவோம்.

பேரிடர் நடந்த உடனே ஆட்களைக் கூட்டி உட்காரவைத்து நடந்ததை விவரமாகப் பேசவைத்தால் மனக்காயம் ஆறும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அப்படி ஒரே தடவை உட்காரவைத்துப் பேசவைப்பது பின்னால் வரும் மனநோயைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலாகக்கூட முடிந்தது என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு யாரையும் கதை சொல்லச் சொல்லி வற்புறுத்தாதே என்கிறது. என்ன தேவை என்று பார், சொன்னால் காது கொடு, உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடு. செய்யவேண்டியது இவ்வளவுதான். சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம்.

இன்னொன்று. தற்கொலையால் ஆளை இழந்த வீட்டாரும், தாமே அந்த விளிம்புவரை போய்த் திரும்பியவர்களும் எழுத ஆசைப்படுவார்கள். எழுதட்டும், அதில் பெரிய பலன் இருக்கிறது. 2010-ல் ஆஸ்திரியாவில் பத்திரிகைச் செய்திகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அந்த எண்ணம் வந்தும் அதைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வெளியானதை ஒட்டி அங்கே தற்கொலைகள் குறைந்திருந்தன. அதனால் எப்படிக் கடந்தார், யாரிடம் பேசினார், அடுத்த நாள் காலையில் என்ன செய்தார் என்பதை விரிவாக எழுதவேண்டும். எந்த வழியில் முயன்றார் என்பது ஒரு வரிகூட வரக்கூடாது. இடமும் வேண்டாம். கடைசியில் மனநல உதவி எண் போடுங்கள்: டெலி மானஸ் 14416, நம் மாநிலத்தில் 104. இரண்டிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

---

அண்டி ஆபீஸ்காரி மகள்

நான் இதைச் செய்து முடித்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

என் அம்மா கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், கொட்டை தட்டினாள், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டு. பலம் கூடினால் பருப்பு உடையும், குறைந்தால் கொட்டையின் மேல்தோடு பிளக்காது. தோட்டிலிருந்து கசிகிற கறுப்பு எண்ணெய் பட்ட இடம் வெந்து தோல் உரியும். அதற்காகக் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். கல்யாணத்துக்குப் போனால் அம்மா இலையில் உட்காருவதற்குள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். ரேகை தேய்ந்துபோய் ரேஷன் கடை மிஷினில் அவள் விரல் பதியாது.

ஊர்ச் சங்க மலருக்கு நான் இதை எழுத நினைத்தபோது அம்மாவிடம் கேட்டேன். அவள் சொன்னது: "கையைப் பத்தி எழுது. அப்பாவைப் பத்தி எழுதாத." அப்பா இல்லாமல் அந்தக் கதையின் பாதி கிடையாது. சம்பளம் எங்கே போனது என்று சொல்லாமல் அவள் ஏன் காய்ச்சலோடும் வேலைக்குப் போனாள் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் எழுதவில்லை. அப்பா என் அப்பாவாக இருக்கலாம், அந்த வாழ்க்கை அவளுடையது.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இதை எல்லோரும் செய்யவேண்டும் என்பேன். தாளில் காட்டிக் கையெழுத்து வாங்குவது அனுமதி ஆகாது. வாசித்தபோது இரண்டு இடத்தில் அம்மா நிறுத்தினாள். சூப்பர்வைசர் திட்டிய வார்த்தையை எடுக்கச் சொன்னாள். கூட வேலை பார்த்த ஒருத்தியின் வீட்டு விஷயம் ஒன்று வந்தது, அதையும் எடுக்கச் சொன்னாள், "அவளுக்கு மருமக வந்தாச்சு" என்று. பிறகு நான் எழுதாத ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள். வேலையை விட்டு நின்றபோது கிராஜுவிட்டி (பணிக்கொடை) கேட்டு வாங்கிய கதை. எனக்கு அது முக்கியமாகவே தோன்றவில்லை, அவளுக்கு அதுதான் பெரிது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலிக் கணக்கில் வாங்க வழியிருக்கிறது, கூட நின்ற பலருக்கு அது தெரியாது என்றாள். தன் ஹாஜர் அட்டைகளை, அதாவது வேலைக்கு வந்த நாள் பதிந்த அட்டைகளைப், பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்ததால்தான் கேட்க முடிந்தது.

மலர் வந்த பிறகு என்னிடம் வந்து பேசிய பெண்கள் யாரும் அம்மாவின் கை எரிந்ததைப் பற்றிப் பேசவில்லை. அவர்களுக்குத் தெரியாததா? டின்னைப் பற்றித்தான் கேட்டார்கள். என்னென்ன அட்டை வைக்கணும், யாரிடம் எழுதிக் கொடுக்கணும் என்று.

ஆனால் கை வரவில்லை என்றால் டின் வரைக்கும் யாரும் வாசித்திருக்கமாட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். வாசகசாலைப் பிள்ளைகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மதினி போய் நின்றதை எழுதினால்தான் ரத்த விஷயம் மனதில் நிற்கும். முகத்தை எழுதவேண்டாம், போய் நின்றதை எழுதுங்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு.

---

படகுக்காரர்

வள்ளவிளை ஆள் நான். சொந்தப் படகு உண்டு. ஒரு விஷயம் கட்டாயம் சேர்க்கணும், இல்லாவிட்டால் புத்தகம் ஆட்களைத் தப்பாக நம்பவைத்துவிடும்.

ஒக்கியில் உடல் கிடைக்காதவர்களின் வீட்டுக்கும் அரசு 20 லட்சம் கொடுத்தது. அது பெரிய புயல், ஆயிரக்கணக்கில் ஜனம் குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்து போராடியது, அதனால் நடந்தது. சாதாரண நாளில் ஒருத்தன் ராத்திரி படகிலிருந்து தவறி விழுந்து காணாமல் போனால் அப்படி எதுவும் தானாக நடக்காது. ஏழு வருடம் ஆளைப் பற்றித் தகவலே இல்லை என்றால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சட்டம். அதுவரை வாரிசுச் சான்று, இன்சூரன்ஸ், பாங்கில் கிடக்கும் பணம் எல்லாவற்றிலும் இழுத்தடிப்பு வரும். அப்படி விழுந்து போனவர்களின் வீடு நம் எட்டு ஊரிலும் இருக்கிறது. அவர்கள் ஒக்கிக் கதையைப் படித்து "நமக்கு மட்டும் ஏன் இல்லை" என்று நினைத்துவிடக் கூடாது.

அந்த மாதிரி நடந்தால் படகு கரைக்கு வந்த அன்றைக்கே கடலோரக் காவல் நிலையத்தில் புகார் பதியணும். எந்த இடத்தில் விழுந்தான் என்று ஜிபிஎஸ் கணக்கு, என்ன நேரம், பார்த்தது யார் என்று கூட இருந்தவர்கள் வாக்குமூலம் கொடுக்கணும். மீன்வளத் துறைக்கும் அதன் நகலைக் கொடுக்கணும். ஊருக்கு வந்து அடக்கப் பூசை முடித்துவிட்டு அப்புறம் போகலாம் என்று விட்டால், கூட இருந்த வெளியூர்த் தொழிலாளிகள் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். பிறகு சாட்சிக்கு ஆள் கிடையாது.

---

கடற்கரைக்காரி

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சொன்னபடி முதல் நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

குளச்சல் தம்பி சொன்னதைப் பிள்ளைகளிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவை கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். மதினியிடமும் கேட்டேன். "எழுது, ஆனா நான் அழுதேன்னு எழுதாத, அன்னைக்கு நான் அழல" என்றாள். எனக்கு அது தெரியாது. அவள் முகத்தைப் பார்த்து நானாக நினைத்துக்கொண்டதுதான்.

புத்தகத்துக்கான பகுதி இப்படித் தொடங்குகிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

"என் அண்ணன் கொச்சியில் படகு ஏறினான். அவனோடு ஏறியவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. புயல் அடித்த பிறகு நாங்கள் முதலில் தேடியது அவனை அல்ல, அவனோடு போனவர்களின் பெயர்களை. உங்கள் வீட்டு ஆள் அடுத்த தடவை கடலுக்குப் போகும்போது வீட்டில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: படகின் பெயர், பதிவு எண், எந்தத் துறைமுகம், படகுக்காரர் போன், கூடப் போகிறவர்களின் ஆதார்ப் பெயரும் வீட்டுப் பெயரும், அவர்கள் ஊர். அவர் சிரிப்பார். என்ன அபசகுனம் என்று மாமியார் கோபப்படுவார். என் அம்மாவும் அப்படிக் கோபப்பட்டிருப்பாள்."

---

அண்டி ஆபீஸ்காரி மகள்

அக்கா, இதை மாற்றவே வேண்டாம். மாமியார் கோபப்படுவார் என்பது அப்படியே இருக்கட்டும். தாள் கேட்கப்போகிற பெண்ணுக்கு அந்த வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்தவர் எழுதியிருக்கிறார் என்று அதில்தான் தெரிகிறது.

---

குளச்சல் மகன்

நன்றி அக்கா. நன்றாக இருக்கிறது. என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டட்டுமா? அவள் கேட்கமாட்டேன் என்றால் விட்டுவிடுவேன்.

---

கடற்கரைக்காரி

தாராளமாக, தம்பி.

---

படகுக்காரர்

வெளியூர்த் தொழிலாளிகளும் நம் படகுகளில் நிறையப் பேர் வருகிறார்கள், அவர்கள் வீட்டு போன் நம்பரும் அந்தத் தாளில் வரணும். சேர்த்துவிடுங்கள். புத்தகத்தின் கடைசியில் இந்தத் தாளையே காலியாக அச்சடித்து, கிழித்து எடுக்கிற மாதிரி வைக்க முடியுமா? கொச்சிப் பக்கம் தோப்பும்படியிலும் முனம்பத்திலும் நிற்கிற நம் ஊர்ப் படகுகளில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அச்சு எப்போது என்று மட்டும் சொல்லுங்கள், அந்த மாதம் ஆழ்கடலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.